மார்கழிப் பனியில் நாற்று: செட்டிநாட்டுத் தோட்டத்துக்கு ஒரு சிறு பசுமைக்குடில்

மிளகாய் விதையைத் தை முதல் வாரத்தில் போட்டால் மாசி நடுவில்தான் நட முடியும். அது பூக்கும்போது பங்குனி முடிந்துவிடும். அந்த நேரம் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பகல் வெயில் 37, 38 டிகிரியைத் தொடும். செடி என்னதான் செழிப்பாக நின்றாலும் பூ உதிரும், பிஞ்சு பிடிக்காது. தக்காளிக்கு இரவுச் சூடும் ஆகாது. தை பிறந்ததும் கையில் நாற்று தயாராக இருக்கவேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். அப்படியானால் விதை கார்த்திகைக் கடைசியிலும் மார்கழியிலுமே குழித்தட்டுக்கு (நாற்று வளர்க்கும் சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு) போயாக வேண்டும். அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தும் ஓயாமலும் இருக்கும், விடிகாலைப் பனி இறங்கும், இரவு 20 டிகிரியை ஒட்டிப் போகும்.

ஊட்டி, கொடைக்கானலில் பசுமைக்குடில் வைப்பவர்கள் உறைபனிக்குப் பயந்து மூடி வைப்பார்கள். அந்தப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் நாற்று தங்காது. நம் ஊரில் உறைபனி கிடையாது. குளிரில் காயாமல் நிற்கும் ஈரமும் மேகமூட்டத்து வெளிச்சக் குறைவும்தான் இங்கே நாற்றை அழுக வைக்கின்றன. விதை முளைக்கும் வரை வெதுவெதுப்பு வேண்டும். முளைத்த பிறகு காற்றும் வெளிச்சமும் வேண்டும். குடில் கட்டுவதிலிருந்து தண்ணீர் ஊற்றுவது வரை எல்லாவற்றையும் இந்தக் கணக்கில்தான் செய்யவேண்டும்.

இடமும் குடிலும்

மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். 20 அடி உயரச் சுவர் ஒன்று உச்சிவேளையிலேயே வடக்கே ஏறக்குறைய 13 அடிக்கு நிழல் தள்ளும். காலையிலும் மாலையிலும் நிழல் இன்னும் நீளம். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் இது முக்கியம். பின்கட்டுச் சுவருக்கு வடக்கே, சுவரை ஒட்டி வைத்த குடிலில் நாற்று வெளிறி நெட்டையாக வளரும். வீட்டுக்குத் தெற்கிலோ கிழக்கிலோ, தெற்குப் பக்கம் மரமும் சுவரும் மறைக்காத இடத்தைப் பாருங்கள். செம்மண் தரை மழையில் சேறாகிவிடும். அதனால் தரையை அரையடி உயர்த்தி, மேலே இரண்டு அங்குலத்துக்கு ஜல்லி பரப்பவும்.

6 அடி அகலம், 12 அடி நீளம் இருந்தால் வீட்டுத் தோட்டத்துக்கும் கால் ஏக்கர் நடவுக்கும் போதும். நடுவில் 2 அடி நடைபாதை விட்டு, இரண்டு பக்கமும் தட்டு வைக்க மேடை அமைக்கலாம். 98 குழித் தட்டு ஏறக்குறைய 54 செ.மீ. நீளம், 28 செ.மீ. அகலம். ஒரு மேடைக்கு 13 வீதம் 26 தட்டு உட்காரும், அதாவது 2,500 நாற்றுக்கு மேல். இரண்டிரண்டு வரிசையாக நடும் இணை வரிசை முறையில் கால் ஏக்கர் வீரிய ஒட்டுத் தக்காளிக்குச் சுமார் 2,350 நாற்று வேண்டியிருக்கும். போக்குக் கழித்தால் சரியாக வரும்.

சட்டத்துக்கு ஒரு அங்குல ஜி.ஐ. பைப். நடுவில் 8 அடி, ஓரத்தில் 6 அடி உயரம். கூரைச் சரிவில் கஞ்சத்தனம் வேண்டாம். சரிவு குறைந்தால் மழைநீர் ஷீட்டில் குளம் கட்டும். அதைவிட மோசம், விடிகாலையில் ஷீட்டின் உள்பக்கம் பூக்கும் வியர்வை நீர் ஓரத்துக்கு வழிந்து ஓடாமல் நேரே நாற்றின் தலையில் சொட்டும். கூரையில் மட்டும் 200 மைக்ரான் யு.வி. பாலித்தீன் ஷீட். சாதாரண ஷீட் ஒரு கோடையிலேயே பொடிந்துவிடும். நான்கு பக்கமும் 40 மெஷ் பூச்சித் தடுப்பு வலை. வடக்கிலும் கிழக்கிலும் மட்டும் வலைக்கு வெளியே சுருட்டி ஏற்றி இறக்கும்படி ஒரு ஷீட் திரை, ஏனென்றால் இந்தப் பருவத்துச் சாரல் அங்கிருந்துதான் அடிக்கும்.

நிழல்வலையை நிரந்தரமாகக் கட்டிவிடுவது பலரும் செய்வது. கோடைக்கு 50 சதவீத நிழல்வலை சரி. மூன்று நாள் தொடர்ந்து மேகம் மூடிய மார்கழியில் அதே வலை நாற்றைத் தண்டு நீட்ட வைத்துவிடும். கம்பியில் வளையம் கோத்து, திரைச்சீலை மாதிரி இழுக்கும்படி கட்டுங்கள். வெயில் சுள்ளென்று அடிக்கும் நாளில் 11 மணியிலிருந்து 3 மணி வரை இழுத்து விட்டால் போதும்.

மேடை தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், வெல்ட் மெஷ் கம்பியில் இருக்கட்டும். பலகையில் வைத்தால் தட்டின் அடித்துளையில் நீர் தேங்கும். கம்பியில் வைத்தால் அடியில் காற்றோடும், துளை வழியே வெளியே வரும் வேர் காற்றுப் பட்டுத் தானே நின்று, குழிக்குள் பக்கவேர் அடர்த்தியாகும். மேடைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. கொசு முட்டையிடாமல் அதில் கொஞ்சம் எண்ணெய் விடவும்.

நார்த்தூளும் தண்ணீரும்

தட்டை நிரப்ப மண் வேண்டாம். செம்மண் சின்னக் குழிக்குள் இறுகிப்போகும், நோய்ப் பூஞ்சாணத்தையும் கூட்டி வரும். மட்கிய தென்னைநார்க் கழிவுதான் சரி. ஒரு தட்டுக்கு ஈரத்தோடு 1.2 கிலோ பிடிக்கும். 5 கிலோ கட்டி ஒன்றை 25 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போட்டால் கிட்டத்தட்ட 26 தட்டுக்கும் வந்துவிடும். ஆனால் ஊறியதும் அப்படியே நிரப்பிவிடக் கூடாது. நார்த்தூளில் உப்பு இருக்கும். கோணிச் சாக்கில் அள்ளிப் போட்டு இரண்டு மூன்று முறை தண்ணீர் ஊற்றி வடிக்கவும். வடியும் நீரின் கரும்பழுப்பு நிறம் வெளிறும் வரை கழுவ வேண்டும். நீரின் உப்பளவைக் காட்டும் இ.சி. மீட்டர் இருந்தால் வடிநீர் 1 dS/m-க்குக் கீழே வரவேண்டும்.

கழுவிய 30 கிலோவுக்கு அரைக்கிலோ வேப்பம்புண்ணாக்குத் தூள், நுண்ணுயிர் உரங்களில் 100 கிராம் அசோஸ்பைரில்லம், 100 கிராம் பாஸ்போபாக்டீரியா. கலந்து, சாக்குப் போட்டு மூடி, இரண்டு நாள் நிழலில் வையுங்கள். மண்புழு உரம் சேர்ப்பதென்றால் பத்துக்கு ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். இந்தப் பருவத்தில் அதுவே கெடுதல். நிரப்பும்போது ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரல் இடுக்கில் இரண்டு மூன்று சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது.

தண்ணீர் விஷயத்தில் இந்த ஊருக்கு ஒரு நல்ல வசதி உண்டு. முற்றத்துக் கூரைநீரை அண்டாவில் பிடித்துச் சேமித்த வீடுகள் இவை. நாற்றுக்கு அந்த மழைநீரைவிட நல்ல நீர் இல்லை. பல இடங்களில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். குழியின் மேலே வெள்ளையாகப் பொரிந்து, இலை நுனி பழுப்பாகக் கருகுவது அதன் அடையாளம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு 200 லிட்டர் டிரம்மைப் பிடித்து, வாயைத் துணியால் இறுகக் கட்டி வைத்தால் தண்ணீரில் பாதியாவது அதிலிருந்து கொடுக்கலாம். முதல் மழையின் கூரைத் தூசி நீரைப் பிடிக்க வேண்டாம்.

எப்போது, எதை

மிளகாய் நடவுக்கு வர 35 முதல் 40 நாள், கத்தரிக்கு 30 முதல் 35, தக்காளிக்கு 25. பொங்கல் முடிந்து நடுவதாக வைத்துப் பின்னோக்கி எண்ணினால், மிளகாய் கார்த்திகை 20-ஐ ஒட்டி, கத்தரி கார்த்திகைக் கடைசியில், தக்காளி மார்கழி முதல் பத்து நாளுக்குள். மூன்றையும் ஒரே நாளில் விதைத்தால் மிளகாய் தயாராகும் முன்பே தக்காளி முற்றிப்போய்த் தட்டிலேயே சுருண்டு நிற்கும். முற்றிய நாற்று நட்ட பிறகும் தேறாது. மிளகாயில் கே 2, தக்காளியில் பி.கே.எம் 1 போன்ற ரகங்களில் அடுத்த ஆண்டுக்கு விதை எடுத்துக்கொள்ளலாம். வீரிய ஒட்டில் விதை எடுத்தால் குணம் மாறும்.

பூசணி, சுரை, புடலை, தர்பூசணிக்கு இந்த ஓட்டம் தேவையில்லை. 50 குழித் தட்டில் 12 முதல் 15 நாளில் நாற்று வந்துவிடும். தை நடுவில் போட்டால் போதும். குளிர்ந்த ஈரத்தில் இந்தப் பெரிய விதைகள் முளைக்கும் முன்பே அழுகும். ஆறு மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து, முளை தலைகாட்டியதும் குழியில் வைப்பது பாதுகாப்பு.

விதைநேர்த்தி, விதைப்பு

விதைநேர்த்திக்கு நோய் தடுக்கும் நுண்ணுயிர்களான உயிர் மருந்துகளே போதும்: ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் 10 கிராம் என்பது அளவு. வீட்டுத் தோட்டத்துக்கு எடுக்கும் பத்து கிராம் விதைக்கு ஒரு சிட்டிகையே தாராளம். ஆறிய அரிசிக்கஞ்சி சில சொட்டு விட்டுப் புரட்டி, நிழலில் அரைமணி உலர்த்தவும். பாக்கெட்டில் வரும் சாயம் பூசிய விதையில் ஏற்கெனவே பூஞ்சாண மருந்து இருக்கும். அதன்மேல் உயிர் மருந்தைப் புரட்டினால் அது பிழைக்காது. அப்படியே விதைக்கலாம்.

குழி நிறைய நார்த்தூளைப் போட்டு, தட்டை ஒருமுறை தரையில் தட்டி, மறுபடி நிரப்பி வழித்துவிடவும். விரலால் அமுக்கி இறுக்க வேண்டாம். அரை செ.மீ. ஆழத்துக்கு மட்டும் குழிவு, குழிக்கு ஒரு விதை, மேலே மெல்ல மூடல். ஆழம் ஒரு செ.மீ.க்குப் போனால் குளிர்நாளில் மிளகாய் முளை மேலே வரும் முன் சோர்ந்துவிடும். ஒவ்வொரு தட்டிலும் ரகத்தின் பெயரையும் தேதியையும் பென்சிலால் எழுதிச் செருகவும். மார்க்கர் மை ஈரத்தில் அழிந்துவிடும்.

முளைக்கும் வரை வெதுவெதுப்பு

மிளகாய்க்கும் கத்தரிக்கும் 25 முதல் 30 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் மிளகாய் 8, 10 நாளில் முளைக்கும். 20 டிகிரியில் இரண்டு வாரத்துக்கு மேல் இழுக்கும், அதுவும் ஒன்று முன்னே ஒன்று பின்னே. முளைக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் விதை அழுக ஒரு வாய்ப்பு.

விதைத்த தட்டுகளைப் பத்துப் பத்தாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்குங்கள். உச்சியில் ஒரு காலித் தட்டு. மொத்தத்தையும் பாலித்தீன் ஷீட்டால் சுற்றி, காற்று நுழையாமல் கட்டவும். தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. நிரப்பிய ஈரமே போதும். இந்த அடுக்கை எங்கே வைப்பது என்பதில்தான் தவறு நடக்கிறது. சுண்ணாம்புப் பூச்சும் தடித்த சுவரும் உள்ள பழைய வீட்டு அறை மார்கழியில் சில்லென்று இருக்கும். அங்கே வைக்காதீர்கள். அடுப்படிப் பக்கமோ, பகலில் சூடேறும் தகரக் கொட்டகையோ நல்லது. கொட்டகையில் நேர்வெயில் படக் கூடாது, பட்டால் ஷீட்டுக்குள் வெந்துவிடும். இரவில் அடுக்கின்மேல் இரண்டு சாக்கைப் போர்த்தவும்.

ஒன்றிரண்டு தட்டுதான் என்றால் மீன் வரும் தெர்மாகோல் பெட்டியைக் கழுவி எடுத்து, தட்டை உள்ளே வைத்து, பக்கத்தில் வெந்நீர் நிரப்பிய இரண்டு லிட்டர் எவர்சில்வர் பாத்திரம் ஒன்றை மூடியோடு வைத்து, பெட்டியையும் மூடிவிடுங்கள். மாலையில் ஒருமுறை, படுக்கப் போகும்போது ஒருமுறை வெந்நீர் மாற்றினால் இரவு ஓடிவிடும். உள்ளே ஒரு வெப்பமானி இருக்கட்டும். 32-ஐத் தாண்டவிட வேண்டாம்.

தக்காளியை மூன்றாம் நாளிலிருந்து, மிளகாயையும் கத்தரியையும் ஐந்தாம் நாளிலிருந்து காலையிலும் மாலையிலும் பிரித்துப் பாருங்கள். நார்த்தூள் லேசாக வெடித்து, அடியில் வெள்ளை முளை வளைந்து நிற்பது தெரிந்ததும் அடுக்கைக் கலைத்துத் தட்டுகளைக் குடில் மேடைக்கு மாற்றவேண்டும். நூற்றில் பத்து முளைத்தாலே போதும், மற்றவை மேடையில் முளைத்துக்கொள்ளும். எல்லாம் வரட்டும் என்று ஒருநாள் கூடுதலாக விட்டால், இருட்டில் வெள்ளைத் தண்டு நூலாக நீண்டுவிடும். அதை மறுபடி குட்டையாக்க எந்த மருந்தும் இல்லை.

குடிலுக்குள் ஒரு நாள்

காலை 7 மணிக்குத் திரைகளைச் சுருட்டுங்கள். கூரையின் உள்பக்க ஈரம் வெயில் ஏறும் முன் வெளியேறவேண்டும். பிறகு தண்ணீர், 9 மணிக்குக் கொஞ்சம் முன்போ பின்போ. மாடித் தொட்டியின் விடிகாலை நீர் மிகக் குளிர்ச்சியாக இருக்கும். வேர் அதை விரும்பாது. டிரம் நீரை வெயிலில் சற்று வைத்து, மெல்லிய துளைப் பூவாளியால் ஊற்றவும். மாலையில் ஊற்றவே கூடாது. இலையும் தண்டடியும் ஈரத்தோடு இரவுக்குள் போனால் அழுகலுக்கு நாமே வழி திறந்துவிட்ட மாதிரி.

தினமும் ஊற்றுவது கோடைக்கு. மேகமூட்டத்தில் தட்டைக் கையில் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் அன்று விட்டுவிடலாம். மேல்பரப்பு வெளிர்ந்து, தட்டு லேசானால் ஊற்றவேண்டும். ஓரத்துத் தட்டுகள் சீக்கிரம் காயும், அவற்றுக்கு மட்டும் தனியாகக் கொடுக்க நேரிடும்.

இரவில் வடக்கு, கிழக்குத் திரையை மழையோ ஊதற்காற்றோ இருந்தால் மட்டும் இறக்குங்கள். தெற்கும் மேற்கும் வலையோடு திறந்தே இருக்கட்டும். முளைத்துவிட்ட நாற்றுக்கு 20 டிகிரி இரவு ஒரு பாதிப்பும் செய்யாது. மூடிய குடிலின் புழுக்கம்தான் செய்யும். பகலில் தட்டு மட்டத்தில் தொங்கும் வெப்பமானி 35-ஐத் தாண்டினால் நிழல்வலையை இழுக்கவும்.

உரத்துக்கு, விதைத்த 18-ஆம் நாள் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து சம அளவில் உள்ள, நீரில் கரையும் உரம்) லிட்டருக்கு 5 கிராம் என்பது பொதுவான பரிந்துரை. வெயில் குறைந்த வாரங்களில் அதைப் பாதியாக்கி, 15-ஆம் நாளும் 22-ஆம் நாளும் இரண்டரை கிராமாகக் கொடுப்பதே எங்கள் பரிந்துரை. 25 நாளில் நடும் தக்காளிக்கு 15-ஆம் நாள் மட்டும் போதும். மேகமூட்டத்தில் மொத்தமாகக் கொடுத்தால் நாற்று கொழுத்து, தண்டு நீர் கோத்து நிற்கும். பூச்சிக்கு அதுதான் பிடித்த தீனி. உரநீர் ஊற்றியதும் வெறுந்தண்ணீரால் இலையை ஒருமுறை அலசிவிடுங்கள்.

வளர்ச்சி சரியாகப் போகிறதா என்று பார்க்க ஊர் நாட்காட்டியே போதும். திருக்கார்த்திகையன்று விதைத்த மிளகாய், 21 நாள் கழித்து நகரத்தார் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கும் நாளில், முளையோடு முதலில் வரும் வித்திலை தவிர இரண்டு உண்மை இலை விட்டிருக்கவேண்டும். வித்திலையோடு நின்றிருந்தால் சூடோ வெளிச்சமோ போதவில்லை. முதல் உரநீருக்கு முன்பே இலை வெளிர் மஞ்சளாக இருந்தால் நார்த்தூள் சரியாக மட்கவில்லை; அது மட்கத் தழைச்சத்தைத் தானே இழுத்துக்கொள்கிறது. உரநீரைச் சொன்ன நாளுக்கு முன்னதாகவே தொடங்குங்கள்.

நாற்றழுகல்

இந்தப் பருவத்தின் பெரிய எதிரி இதுதான். நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று காலையில் படுத்திருக்கும். எடுத்துப் பார்த்தால் நார்த்தூள் மட்டத்தில் தண்டு நீர்கோத்து, பழுப்பாகி, நூலாகச் சுருங்கியிருக்கும். இலை இன்னும் பச்சையாகவே இருக்கும். பித்தியம், ரைசக்டோனியா போன்ற பூஞ்சாணங்கள் செய்வது. அவை நீரிலும் நார்த்தூளிலும் பழைய தட்டிலும் எப்போதும் இருப்பவைதான். ஈரம் காயாமல், காற்று அசையாமல், நாற்று மெதுவாக வளரும் குளிரில் அவற்றின் கை ஓங்கும்.

கண்டதும் விழுந்த நாற்றையும், சுற்றியுள்ள குழிகளின் நாற்றையும் நார்த்தூளோடு சேர்த்து எடுத்து வெளியே எரித்துவிடவும். அந்தத் தட்டைத் தனியே, காற்று அதிகம் வரும் முனைக்கு மாற்றி, இரண்டு நாள் தண்ணீரை நிறுத்தவும். மற்ற தட்டுகளின் தண்டடியில் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு இரண்டரை கிராம் கரைத்து ஊற்றலாம். ஒன்றை நினைவில் வையுங்கள்: செம்பு மருந்து டிரைக்கோடெர்மாவையும் கொல்லும். இரண்டையும் சேர்த்து ஊற்றுவது காசை வீணாக்குவது. செம்பு மருந்து கொடுத்து இரண்டு வாரம் கழித்தே உயிர் மருந்து. முளைத்த வாரத்திலேயே சூடோமோனாஸ் லிட்டருக்கு 5 கிராம் ஊற்றி வைத்தால் பெரும்பாலும் செம்பு மருந்துக்கே போக வேண்டியிருக்காது. வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் இந்த உயிர் மருந்துகளைக் கேளுங்கள். காலாவதித் தேதி பார்த்து வாங்கவும்.

வெள்ளை ஈ உள்ளே வருவது பெரும்பாலும் கதவு வழியாகத்தான். இலைப்பேன் மிகச் சிறியது, 40 மெஷ் வலைக்கண் வழியாகவும் நுழைந்துவிடும். கதவுக்கு இரட்டைத் திரை போடுங்கள். உள்ளே மஞ்சள் ஒட்டும் அட்டை இரண்டு, நீல அட்டை ஒன்று, நாற்று உச்சிக்கு ஓர் அடி மேலே. ஈ ஒன்றிரண்டு ஒட்டத் தொடங்கியதும் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 3 மில்லி, காதி சோப்புக் கரைசலோடு, மாலை வெயில் தணிந்ததும் தெளிக்கவும். தண்ணீரை மாலையில் ஊற்றாதீர்கள் என்று சொன்னதற்கு இது ஒன்றே விதிவிலக்கு. பனிமூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். தக்காளியில் ஓர் இலை சுருண்டு மஞ்சள் ஓடினாலும் அந்த நாற்றைப் பிடுங்கிவிடுவதே நல்லது. வைரஸ் வந்த நாற்று காய்க்காது, பக்கத்துச் செடிக்கும் கொடுக்கும்.

வெளியே பழக்குவதும் நடவும்

நடவுக்கு ஏழு நாள் முன்னால் உரத்தை நிறுத்தி, தண்ணீரைப் பாதியாக்கி, தட்டுகளை வெளியே எடுங்கள். முதல் இரண்டு நாள் காலை வெயில் மட்டும், மூன்றாம் நாளிலிருந்து நாள் முழுதும். தண்டில் லேசாக ஊதா ஓடி, இலை சற்றுத் தடித்தால் நாற்று தயார். தண்டின் கனம் பென்சிலில் பாதியாவது இருக்கட்டும். உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

நடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தட்டை நன்றாக நனைத்து, அடித்துளையில் விரல் வைத்து அழுத்தினால் வேர்க்கட்டி உடையாமல் எழும்பும். தண்டைப் பிடித்து இழுத்தால் வேர் அறும். லிட்டருக்கு 5 கிராம் சூடோமோனாஸ் கரைசலில் வேர்க்கட்டியை ஒருமுறை நனைத்து, மாலை 3 மணிக்குப் பிறகு நடவும். மிளகாயையும் கத்தரியையும் தட்டில் இருந்த ஆழத்திலேயே நடுங்கள். தக்காளியை வித்திலை வரை புதைக்கலாம், தண்டிலிருந்தும் வேர் விடும்.

காலியான தட்டுகளை அன்றே கழுவிவிடுங்கள். ஒட்டிய நார்த்தூளைப் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு பிளீச்சிங் திரவம் கலந்து அரைமணி ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்துக் கவிழ்த்து அடுக்கவும். வெயிலில் போட்டால் பிளாஸ்டிக் நொறுங்கும். சுத்தமாக வைத்திருந்தால் ஒரு தட்டு ஐந்தாறு பட்டத்துக்கு உழைக்கும்.